பாலுக்குப் பாடு வைத்த ஒன்பது நாள்

மார்கழி மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, பொழுது விடிந்து இரண்டரை நாழிகை. மழை விட்டு மூன்றாம் நாள். ஏரியின் மேல் பனி படிந்திருந்தது. வாடைக்காற்று லேசாக வீசியது, துணி காயும் அளவுக்கு. அந்த நேரத்தில்தான் என் பேத்தியைக் கருவாட்டுத் தராசில் வைத்து நிறுத்தேன். அறுபத்தொன்பது பலம் இருந்தாள்.

பிறந்த அன்று எழுபத்தெட்டு பலம். பன்னிரண்டு நாளில் ஒன்பது பலம் போயிருந்தது. தராசில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். எடைக்கல்லைக் கழுவித் துடைத்து வைத்துப் பார்த்தேன். குழந்தையை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். அறுபத்தொன்பதுதான். நான்காவது முறையும் நிறுத்திருப்பேன், அதற்குள் அவள் அழுதுவிட்டாள். அதை அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. அடுத்த வீட்டுக் கூரையில் பூனைக்குட்டி கத்துவது போல அவ்வளவு சின்னதாக இருந்தது.

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. இப்போது அறுபத்தெட்டு. பழவேற்காட்டுக் கோட்டையில், கடல் கடந்து வியாபாரத்துக்கு வந்த ஒல்லாந்தரின் துணிக்கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கப்பல் வராத மாதங்களில் வாரம் மூன்று நாள் போனால் போதும். வீடு பசியாவரத்தில், நாலு பக்கமும் ஏரி. எளாவூரில் கட்டிக்கொடுத்த என் ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் அம்மா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மருமகன் தோணியில் வடக்கே போனவர் தை பிறந்துதான் வருவார். மருத்துவச்சி இரண்டு நாள் இருந்து குளிப்பாட்டிவிட்டு, வேறு ஊரில் ஒருத்திக்கு வலி கண்டது என்று போய்விட்டாள். ஆக, பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தவன் நான். பக்கத்து வீட்டில் என் அண்ணன். அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். ஆனால் தாய்ப்பாலைப் பற்றி அவரிடம் இருந்த யோசனைகள் ஆறு பெற்றவளிடமும் இருந்திருக்காது.

அந்த யோசனைகளில் முதலாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் இருப்பதைச் சொல்ல வேண்டும். ஏரியில் மீன் அதிகம் தங்கும் துறைகளில் எல்லாரும் எல்லா நாளும் வலை போட முடியாது. இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை உண்டு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறை இல்லாத நாளில் வலையோடு போனால் அபராதம். இதனால் சண்டை குறையும் என்பது ஒன்று. இன்னொன்று, ஒரு நாள் சும்மா கிடந்த துறையில் மறுநாள் இறால் சேர்ந்திருக்கும் என்பது எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். என் அண்ணன் நாற்பது வருஷம் பாடு பார்த்தவர்.

பிறந்த மூன்றாம் நாள் குழந்தை விடாமல் வாய் வைத்துக்கொண்டே இருந்தது. நடுவில் கட்டிய ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் மகள் எடுப்பதையும் படுக்க வைப்பதையும் கேட்டுக்கொண்டிருந்த நான், பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது முறை எண்ணினேன். மகள் சோர்ந்துபோயிருந்தாள்.

"நைனா, இவளுக்கு பத்தலனு நெனைக்கிறேன். இப்பத்தான் குடுத்தேன், மறுபடி தேடறா" என்றாள்.

நான் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் வலையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

"பத்தொன்பது தபாவா? டேய், வெடிஞ்சதுலேர்ந்து பத்தொன்பது தபா வலை போட்டா எந்தத் தொறைடா தாங்கும்? உட்டுப் புடிக்கணும். ஒண்ணு சும்மா கெடக்கட்டும், ஒண்ணுல குடுக்கட்டும். பாடு வையி."

அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு மனசு லேசானது. கணக்கு எழுதுகிறவனுக்கு முறை என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு நிம்மதி. அன்றைக்கே சுவரில் அடுப்புக்கரியால் கோடு போட்டுப் பாடு எழுதினேன். ஒரு நாள் இடத்துறை, மறுநாள் வலத்துறை. மார் என்று சொல்லி மகளிடம் பேசக்கூடிய விஷயமா என்ன, அதனால் அப்படித்தான் எழுதினேன். நேரத்துக்குக் கோட்டை மணி இருக்கவே இருக்கிறது. கோட்டையில் அரைமணிக்கு ஒரு முறை மணற்குடுவையைக் கவிழ்த்து மணி அடிப்பார்கள். எட்டுக் குடுவைக்கு ஒரு முறை பால். ஆக ஒரு நாளைக்கு ஆறு முறை. இடையில் அழுதால் சங்கில் ஆட்டுப்பால், பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு. அதற்காக ஒரு ஆடும் வாங்கிக் கட்டினேன். அண்ணன் தன் பங்குக்குப் பால்சுறா கொண்டுவந்து தள்ளினார். அவித்து உதிர்த்து, பூண்டு போட்டுப் புட்டாக்கி, காலையும் சாயங்காலமும் மகளுக்கு. அவளுக்கு நாள் ஒன்றுக்கு இருபத்தாறு பல் பூண்டு உரித்தேன். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று யாரோ சொல்லியிருந்ததால் தண்ணீரையும் அளந்தேன், அரைச் செம்பு. இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மகள் எதிர்த்துப் பேசவில்லை. அம்மா இல்லாத பெண். எழுதப் படிக்கத் தெரிந்த அப்பா சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் கோட்டை மணி எங்கள் வீட்டுக்குக் கேட்காது. அந்த நாட்களில் குழந்தை காத்திருந்தது.

முதல் இரண்டு நாள் எல்லாம் சரியாக நடப்பது போலவே இருந்தது. ஓய்வில் இருந்த பக்கம் கனத்துக் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்றாள் மகள். "பாத்தியா, சேருது" என்றார் அண்ணன். ஆறாம் நாள் வலி போய்விட்டது. "பழகிடுச்சி" என்றார். ஒன்பதாம் நாளில் அவளுக்கு இரண்டு பக்கமும் துணி நனைவதே நின்றுவிட்டது. அதற்கும் அவர் ஏதோ காரணம் சொன்னார், எனக்கு நினைவில்லை. பன்னிரண்டாம் நாள் என்னால் பொறுக்க முடியாமல்தான் தராசை எடுத்தேன்.

நிறுப்பதைப் பார்த்ததும் அண்ணன் திட்டினார், குழந்தையை நிறுத்தால் கண் பட்டுவிடும் என்று. எடையைச் சொன்னதும் திட்டுவதை விட்டுவிட்டார். பொன்னேரிப் பக்கம் ஒரு செவிலி இருக்கிறாள், கூலிக்குப் பால் கொடுப்பவள், அவளிடம் குழந்தையை ஒப்படைத்துவிடலாம் என்றார்.

"அவ இங்க வருவாளா?" என்றேன்.

"எப்டி வருவா? அவளுக்கு வூடு வாசல் இல்ல? புள்ளதான் அங்க போவணும். ஒரு வருஷம். நாம போய்ப் போய்ப் பாத்துக்கினு வரலாம்."

அன்று மதியமே படகேறிப் போய் முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தார். அவளிடம் இப்போது வேறு ஒரு குழந்தை இருக்கிறதாம். பத்து நாளில் அதன் வீட்டார் அதைக் கொண்டுபோய்விடுவார்கள். சனிக்கிழமை பத்தொன்பதாம் தேதி படகு வரும். மகளிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. குழந்தையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே, "பத்து நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"பிறந்த எடையைத் தொட்டுவிட்டால் அனுப்ப வேண்டியதில்லை" என்றேன். எழுபத்தெட்டு என்று கரியால் சுவரில் எழுதினேன், பாடு எழுதிய கோடுகளுக்கு மேலே. பத்து நாளில் ஒன்பது பலம் எப்படி ஏறும் என்று எனக்கும் தெரியாது. ஏதாவது ஒரு எண் கண் முன்னால் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

மறுநாள் வியாழக்கிழமை காலை இறால்காரி வந்தாள்.

எங்கள் ஏரியில் வலை இல்லாமலே இறால் பிடிக்கும் பெண்கள் உண்டு. கழுத்தளவு தண்ணீரில் குந்திக்கொண்டு சேற்றைக் கையால் தடவித் தடவிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப்பறியில் போடுவார்கள். இவள் அவர்களில் ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். ஐந்து பிள்ளைகள். வாயில் பறி இருக்கும்போது மட்டும்தான் பேசமாட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். வாசலில் பறியை இறக்கி வைத்தவள் சுவரைப் பார்த்தாள்.

"இன்னா கணக்கய்யா, சொவுத்துல கோடு கோடா இன்னா இழுத்துக் கீற?"

"குழந்தைக்குப் பால் கொடுக்கிற முறை" என்றேன்.

"அய்ய! அதுக்குப் படிக்கத் தெரியுமா?"

கால் பணத்துக்கு இறால் கொடு என்றேன். அவள் பறியைத் தொடவே இல்லை. உள்ளேயிருந்து அந்தப் பூனைக்குட்டிக் குரல் கேட்டது.

"பசில அழுவுதே. எடுத்துக் குடுக்கச் சொல்லு."

"இன்னும் மூன்று மணி பாக்கி இருக்கிறது" என்றேன். கோட்டை மணியைச் சொன்னேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காலைக்கூடக் கழுவாமல் நேரே உள்ளே போய்விட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம் பேச்சு. மகள் பாடு முறையையும் பத்தொன்பதாம் தேதி வரப்போகும் படகையும் பற்றிச் சொல்வது கேட்டது. எட்டுக் குடுவை, இடத்துறை, வலத்துறை. இறால்காரி சிரித்த சிரிப்பில் அண்ணன் தன் வீட்டிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா சிரிப்பு? பாடுன்னா பாடுதான். சும்மா உட்டாத்தான் சேரும்" என்றார் வாசலில் நின்றுகொண்டு.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "பெரியவரே, ஏரில மீனு எங்கேர்ந்து வருது? மொகத்துவாரத்துல பூந்து கடல்லேர்ந்து வருது. சும்மா உட்டா வந்து சேரும். ஒங்க பொண்ணுக்கு எந்தக் கடல்லேர்ந்து பாலு வரும்?"

அண்ணன் யோசித்தார்.

"பனைய பாருங்க. பாளைய காலைல ஒரு தபா, பொழுதோட ஒரு தபா சீவுறான். சீவச் சீவ வடியுது. நாலு நாளு ஏறாம உட்டா இன்னா ஆவும்?"

"அடைஞ்சி பூடும்" என்றார் அண்ணன், தன்னை மறந்து.

"அவ்ளோதான். ஒம்போது நாளா பாளைய சீவாம உட்டுட்டு, சொவுத்துல கணக்கு எழுதிக்கினு கீறீங்க ரெண்டு ஆம்பளையும்."

எங்கள் இருவருக்கும் பனை தெரியும். சீவாத பாளை காய்ந்து போகும் என்று ஏழு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அது ஏன் நினைவுக்கு வரவில்லை? ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு எது நடந்தாலும் ஏரிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

"அப்போ சுறா?" என்று கேட்டார் அண்ணன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"சுறா நல்லதுதான், ஒடம்புக்குத் தெம்பு. குடுங்க, வேணாங்கல. ஆனா சுறா வந்து புள்ள வாயில பால ஊத்தாது. புள்ள இழுத்தாத்தான் வரும்."

பிறகு அவள் மகளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள். தட்டி ஓலைத் தட்டிதான், எல்லாம் கேட்டது. நான் கேட்காதது போல இறாலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நுனிய மட்டும் கவ்வுது பாருமே. அதான் ஒனக்குப் புண்ணு, அதுக்கு ஒண்ணும் வர்ல. வாய பெருசா தெறக்கட்டும். கெளுத்தி வாய் பாத்துக் கீறியா? அம்மாம் பெருசு. ம்ம், இப்ப ஒரே இழுப்பா உள்ள குடு. கறுப்பு பூரா வாய்க்குள்ள போவணும். தாடை ஒட்டணும். இப்ப நோவுதா?"

"இல்லக்கா."

"முழுங்குற சத்தம் கேக்குதா?"

"கேக்குது" என்றாள் மகள். அதைச் சொன்ன குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் இறால் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். முப்பத்திரண்டா, முப்பத்து மூன்றா என்று தெரியாமலே குழம்பு வைத்தோம்.

வெளியே வந்து அவள் எனக்கு வேலை சொன்னாள். முதலில் சுவரில் இருப்பதைத் துடைக்க வேண்டும். குழந்தை சட்டை இல்லாமல் தாயின் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கட்டும், மேலே பழைய புடவையால் சுற்றிக் கட்டட்டும். அழும் வரை காத்திருக்க வேண்டாம். உதட்டைச் சப்பினாலே கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும். குடித்து முடித்ததும் கையால் பிழிந்து வருவதைச் சங்கில் பிடித்து அதையும் கொடுக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலும் சரி. இராத்திரியிலும் விடக்கூடாது. ஆட்டுப்பாலை ஒரேயடியாக நிறுத்தாமல், தாய்ப்பால் ஏற ஏறக் குறைக்க வேண்டும். கொடுக்கிற வரைக்கும் அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது, கெட்டியாகக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் எல்லாம் மகளுக்கு, அவள் கேட்கும் போதெல்லாம்.

"தண்ணி அளந்து குடுக்கிறியாமே! பாலு இன்னாத்துல ஆனதுன்னு நெனச்சே?"

"நீ நாளைக்கும் வருவாயா?" என்று கேட்டேன்.

"வரேன். அடுத்த சனிக்கெழம படகு வர்ற வரைக்கும் தெனம் காலைல வரேன். நான் தண்ணில எறங்குற நேரம் அது, கூலிய அப்பால பேசிக்கலாம்."

சுவரைத் துடைத்தேன். பாடு எழுதியதை மட்டும்தான். எழுபத்தெட்டை விட்டுவிட்டேன்.

எண்ணாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குழந்தை விழுங்குவதை எண்ணினேன். வாய்க்குள்தான் எண்ணினேன்; ஆனால் எனக்கு உதடு அசையும், மூச்சு கேட்கும்.

"நைனா!"

"என்னம்மா?"

"எண்ணாத. நீ எண்றது கேட்டா எனக்கு நெஞ்சு படபடங்குது. வர்றதும் நின்னுடுது."

இறால்காரி வெளியே வந்து என்னைக் கொடியைப் பார்க்கச் சொன்னாள். குழந்தை நனைத்த துணிகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்த கொடி.

"ஒனக்கு எண்ணாம இருக்க முடியாதுன்னா அத எண்ணு. உள்ள போனதுதான் வெளிய வரும். எடைய மூணு நாளைக்கு ஒரு தபா பாரு, அதுக்கு மேல தராச தொட்ட, ஏரில போட்டுடுவேன்."

எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. துணிகளை நானே துவைத்தேன், நானே எண்ணினேன். முதல் நாள் ஒரு பொழுதுக்கு மூன்று துணி. அதிலும் மூத்திரம் மஞ்சள் அடர்ந்து, கறை போகத் தேய்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாளும் மூன்று. மூன்றாம் நாள் நான்கு. எடை அறுபத்தொன்பதரை. அரைப் பலம் ஏறியிருக்கிறது என்று நான் சொன்னதும் அண்ணன் அது தராசின் நடுக்கம் என்றார். நானும் அப்படித்தான் பயந்தேன். அரைப் பலம் வீதம் ஏறினால் எழுபத்தெட்டுக்கு எத்தனை நாள் என்று வகுத்துப் பார்த்து, விடையை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மகள் சளைத்துவிட்டாள். குழந்தை விடிந்ததிலிருந்து மாரை விட்டு இறங்கவில்லை.

"எவ்ளோ குடுத்தாலும் இன்னும் கேக்குறா, அக்கா. என்கிட்ட இல்லியோ என்னமோ. படகு வந்தா அனுப்பிட்டு நிம்மதியா தூங்கலாம் போல கீது" என்றாள்.

"தூங்கேன், யாரு வேணாம்னது? படுத்துக்கினே குடு. அது கேக்கட்டும்மே. இன்னிக்குக் கேட்டா நாளைக்கு வரும். கேக்கறது அதோட வேலை. நீ இன்னா கடையா வெச்சிக் கீற, சரக்கு இல்லன்னு கதவ சாத்த?"

மகள் சிரித்தாள். பிரசவமான பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. அன்று சாயங்காலம் கொடியில் ஆறு துணி. மறுநாள் ஐந்துதான். ஒன்று குறைந்துவிட்டதே என்று ஓடிப்போய் இறால்காரியிடம் சொன்னேன். ஒன்று பாயில் போயிருக்கும் என்றாள். பாயைத் தடவிப் பார்த்தேன். ஈரம். அதையும் சேர்த்து ஆறு என்று வைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் எழுபத்தொன்றரை பலம். ஆட்டுப்பால் ஏழு சங்கிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது. ஏழாம் நாள் காலை மகள் கதவோரம் உட்கார்ந்து சாமை முறுக்கு தின்றுகொண்டிருந்தாள், குழந்தை துணிக்குள் தூங்க. அவள் ரவிக்கைத் துணி இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போய், "நனைகிறது" என்று மட்டும் சொன்னேன். அவர் வலையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "மெய்யாலுமா?" என்றார். அன்றைக்கு ஒரு சுறா கூட வாங்கி வந்தார், பெரியதாக. மகள் அதைப் பார்த்ததும், "பெரிநைனா, என் புள்ள பால் வாசனைக்கு வரல, சுறா வாசனைக்கு வருது" என்றாள். அவருக்கு அது பாராட்டா, கேலியா என்று தெரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் ஆட்டுப்பால் ஒரு சங்கு. அதையும் குழந்தை பாதியில் துப்பிவிட்டது. எடை பார்க்கும் நாள்தான் அது, பார்க்கவில்லை. ஒருநாள் தள்ளிப் பார்த்தால் இன்னும் ஒரு பலம் கூடக் காட்டும் என்ற ஆசை.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலை, வெயில் நன்றாக ஏறியபிறகு படகு வந்தது. செவிலியின் புருஷனே தள்ளிக்கொண்டு வந்திருந்தான். குழந்தையைக் கொண்டுபோக ஒரு கூடை, கூடையில் மெத்தை போல வைக்கோல், அதன் மேல் சுத்தமான துணி. அக்கறையாகத்தான் செய்திருந்தார்கள்.

தராசைக் கட்டினேன். அண்ணன், படகுக்காரன், இறால்காரி எல்லாரும் சுற்றி நின்றார்கள். மகள்தான் குழந்தையைத் தட்டில் வைத்தாள். நான் கல்லைப் போட்டேன். முள் நேராக நின்றது.

எழுபத்தைந்து.

மகள் சுவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் கையால் எழுதிய எழுபத்தெட்டு அங்கேயே இருந்தது.

"எழுவத்தெட்டுன்னு சொன்ன?" என்றார் அண்ணன்.

"சொன்னேன்."

"எழுவத்தஞ்சுதான் கீது."

"ஆமாம்."

"அப்போ?"

மகள் குழந்தையைத் தட்டிலிருந்து எடுத்து நெஞ்சோடு வைத்து, புடவையால் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். "படகுல ஏத்தணும்னா எங்க ரெண்டு பேத்தையும் சேத்து ஏத்து, நைனா. தனியா அவுக்க முடியாது" என்றாள்.

இறால்காரி வாயே திறக்கவில்லை. பறியைக் கடித்துக்கொண்டிருக்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை, சும்மாதான் நின்றாள். நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள் என்று புரிந்தது.

முப்பது வருஷம் கிடங்கில் எண்ணியவன் நான். கட்டுக்கு இருபது துணி என்றால் பத்தொன்பதை ஒரு நாளும் உள்ளே விட்டதில்லை. நெசவாளர்கள் கையெடுத்துக் கும்பிட்டும் விட்டதில்லை. அதற்காகவே கோட்டையில் எனக்கு நல்ல பெயர். இங்கே மூன்று பலம் குறைகிறது. ஆனால் கொடியில் காலையிலேயே நான்கு துணி காய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் முழுப் பொழுதுக்கும் ஒன்பது. எல்லாமே மஞ்சள் கறை இல்லாமல் தண்ணீரில் நனைத்தது போலத்தான் இருந்தன. குழந்தையின் கன்னத்தில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது, பத்து நாள் முன்பு இல்லாதது. அதை எந்தக் கல் போட்டு நிறுப்பது?

"நேற்று ஒன்பது துணி" என்றேன்.

"இன்னாது?" என்றார் அண்ணன்.

"ஒன்பது துணி நனைத்திருக்கிறாள். முதலில் மூன்று. ஆறு பலம் ஏறியிருக்கிறாள், அதில் அஞ்சரைப் பலம் கடைசி ஏழு நாளில். ஆட்டுப்பாலைத் துப்புகிறாள். எழுபத்தெட்டு நான் எழுதியதுதான். நானே அழிக்கிறேன்."

ஈரத்துணியால் துடைத்தேன். கரி போகாமல் சுவரில் கறுப்பாகத் தீற்றிக்கொண்டது. பரவாயில்லை.

படகுக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப புள்ள வர்லியா சாமி?" என்றான்.

"வர்ல, வர்ல" என்றார் அண்ணன். அவரே கூடையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் வைத்தார். வெறுங்கூடையாக அனுப்ப மனம் வராமல், வைக்கோல் மேல் ஒரு சுறாவையும் வைத்தார். "ஒம் பொஞ்சாதிக்குக் குடு. பால் குடுக்கிறவ, தின்னட்டும்."

குழந்தை எழுபத்தெட்டைத் தொட்டது அதற்கு நாலாம் நாள். தை மாதம் மருமகன் வந்தபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தாள். அவரால் ஒரு கையில் தூக்க முடியவில்லை என்று சொன்னார், அது கொஞ்சம் அதிகம்.

படகு போனதும் இறால்காரி குந்தி உட்கார்ந்தாள்.

"பத்துக் காலை தண்ணில எறங்கல, கணக்கய்யா. ஒரு காலைக்கு அரைப் பணம் இறாலு."

"ஒரு காலையில் அரைப் பணத்துக்கு இறால் உனக்குக் கிடைக்காதே" என்றேன்.

"எண்ணிப் பாத்தியா?"

எண்ணிப் பார்த்ததில்லை. கொடுத்தேன். மகள் உள்ளேயிருந்து, "அக்காவுக்குப் புடவை" என்றாள். அதுவும் சரி. கிடங்கில் எனக்குத் தெரிந்தவரிடம் சொல்லி, விளிம்பில் சிவப்பு ஓடிய நல்ல புடவையாகவே எடுத்தேன், ஏழு பணத்துக்கு. குழந்தை ஏறாமல் போன படகின் கூலி இரண்டு. திரும்பி வராத முன்பணம் எட்டு. ஆட்டுக்கு ஆறு, கண் படாமலிருக்க அண்ணன் கட்டச் சொன்ன தாயத்துக்கு ஒன்று, சுறா பூண்டு வெல்லம் எல்லாம் சேர்த்து நாலு, இறால்காரியின் பத்துக் காலைக்கு ஐந்து. ஆக முப்பத்து மூன்று பணம்.